ஒப்புக்கொள்ளும் முன்பே சொல்லிவிடுங்கள்: சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

"குத்தத்த ஒத்துக்கோ, ஃபைனைக் கட்டிட்டு வேலையைப் பாரு." குற்றவியல் நடுவர் நீதிமன்ற வாசலில் முதல்முறை வந்து நிற்பவர் காதில் விழும் அறிவுரை பெரும்பாலும் இதுதான். காவலர் சொல்வார், துணைக்கு வந்த உறவினர் சொல்வார், சில நேரம் வக்கீலே சொல்வார். பெட்டி கேஸ்தானே, சின்ன வழக்குதானே என்று வந்து நிற்பவரும் தலையாட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலோடு அவர் சட்டப்படி தண்டனை பெற்றவர் ஆகிவிடுகிறார். மேல்முறையீட்டு வழியும் அங்கேயே அடைபடுகிறது. இதை முன்கூட்டியே அவரிடம் சொல்ல ஒருவர் வேண்டும், அவர் உங்கள் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375, இரண்டும் சொல்வது ஒன்றே. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டவர் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனை அதிகம், அல்லது தண்டனை சட்டப்படி செல்லாது என்று மட்டும் போகலாம். 'நான் அதைச் செய்யவே இல்லை' என்று போக வழியில்லை.

இதனால் என்ன ஆகிறது என்பதை என் அக்கா மகன் விஷயத்தில் பார்த்தேன். 2020 ஊரடங்கில் வண்டியில் போனதற்காக அவன்மீதும் அவன் கூட்டாளிமீதும் அரசு அலுவலரின் உத்தரவை மீறியதாக இந்திய தண்டனைச் சட்டம் 188-இன் கீழ் வழக்கு. இவன் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். கூட்டாளி ஒப்புக்கொள்ளவில்லை, வாய்தா வாய்தாவாக அலைந்தான். 2021 பிப்ரவரியில் ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. கூட்டாளி மேல் இப்போது வழக்கே கிடையாது. இவன் வழக்குதான் ஏற்கெனவே முடிந்துவிட்டதே, கைவிட என்ன இருக்கிறது? வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு அவன் 'உண்டு' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. மறைத்தால் அதுவே வேலைக்கு உலை வைக்கும். சிறு குற்றங்களை மறைத்ததை வேலை தருபவர் மன்னிக்கலாம் என்று அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அது அவர்கள் விருப்பம், இவன் உரிமையில்லை.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. 188-இல் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதியவே முடியாது, சம்பந்தப்பட்ட அரசு அலுவலர் எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும் என்று ஜீவானந்தம் வழக்கில் 2018-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை எடுத்துச் சொல்லி வாதாட ஒரு வக்கீல் பக்கத்தில் இருந்திருந்தால் அவன் வாயையே திறந்திருக்க வேண்டாம்.

ஒப்புக்கொண்ட பிறகும் வழி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதை முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே நடுவர் பதிய வேண்டும் என்பது கட்டாயம், மீறினால் தண்டனை நிற்காது என்று மஹந்த் கௌசல்யா தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நம் மதராஸ் மாநிலத்திலிருந்து போன வழக்கு. இன்றைய சன்ஹிதாவின் 275-ஆம் பிரிவிலும் அந்த விதி இருக்கிறது. ஒப்புக்கொண்டாலும் தண்டிப்பதா வேண்டாமா என்பது நடுவரின் விருப்புரிமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. பதிவில் குறை இருந்தால் அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ கீழ் நீதிமன்ற உத்தரவு சரியா என்று பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு போடலாம். கெடு 90 நாள். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு. இதெல்லாம் ஒரு கூலித் தொழிலாளிக்கு எப்படித் தெரியும்?

வழக்குத் தேக்கத்தைக் காரணம் காட்டுவார்கள். தேக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீண்ட விசாரணைக்குப் பயந்து குற்றம் செய்யாதவரும் ஒப்புக்கொண்டுவிடுவார் என்று 1980-இலேயே காசம்பாய் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி எச்சரித்தார். ஏழைக்கு இலவச வழக்கறிஞர் உண்டு என்பதை அவரிடம் சொல்லாமலே நடத்திய விசாரணையை 1986-இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்தும் செய்தது. கேட்டால்தான் உதவி என்று உட்கார்ந்திருக்க உங்களுக்கு இடமில்லை.

ஆகவே, நடுவர் நீதிமன்றங்களில் பெட்டி கேஸ்களை எடுக்கும் நேரத்தில் உங்கள் வழக்கறிஞர் ஒருவர் அங்கே இருக்கட்டும். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, இது தண்டனை, பதிவில் நிற்கும், மேல்முறையீடு கிடையாது என்று பேச்சுத் தமிழில் சொல்லட்டும். கேட்டுவிட்டும் ஒப்புக்கொள்கிறாரா, சரி, அது அவர் முடிவு. சிறு குற்றம் என்றால், தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்கும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பொருந்துமா என்று பார்த்து, அந்தச் சட்டத்தின் கீழ் விடுவிக்கும்படி நடுவரிடம் கேட்கட்டும்.

ஏற்கெனவே அபராதம் கட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு மாவட்டந்தோறும் ஒரு முகாம் நடத்துங்கள். தீர்ப்பு நகலும் வாக்குமூலப் பதிவும் வாங்கித் தந்து, சீராய்வுக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அங்கே ஆள் வேண்டும். 15100 என்ற உங்கள் உதவி எண்ணை ஒருவர் அழைத்து "சார், ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டேன், இப்ப என்ன பண்றது?" என்று கேட்டால், எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று பதில் சொல்ல அங்கே இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.