சம்பிரதாயம் என்று சொன்ன சான்றிதழ்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பெயருக்கு ஒப்புதல் வந்ததுமே கம்பெனி வேலையைத் தொடங்கிவிடலாம், பதிவுச் சான்றிதழ் வருவது வெறும் சம்பிரதாயம் என்று சென்ற ஞாயிறு வணிக இணைப்பில் எழுதியிருந்தீர்கள். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ரேஷன் கார்டில் பெண்ணின் பெயரைச் சேர்க்கச் சொல்வது போல இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, 9-ஆம் பிரிவு தாங்கள் அறியாததல்ல. சான்றிதழில் உள்ள தேதியிலிருந்துதான் கம்பெனி என்று ஒன்று உண்டு. அதற்கு முன் கையெழுத்துப் போடுகிறவர் டைரக்டர் அல்ல, தனி ஆள். கடன் வந்தால் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

கம்பெனிப் பதிவுக்கு இணையத்தில் போடும் ஸ்பைஸ் பிளஸ் படிவத்தின் முதல் பகுதியில் கிடைப்பது பெயர் ஒதுக்கீடு மட்டுமே. அது 20 நாள் செல்லும். அதற்குள் பதிவுக்கான இரண்டாம் பகுதியைப் போட வேண்டும். அலுவலக முகவரிக்குக் காட்டிய கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையது, கட்டட உரிமையாளரின் தடையில்லாச் சான்று இல்லை என்று அது திரும்பி வருவது அன்றாடம் நடப்பது. இந்த இடைவெளியில்தான் தங்கள் கட்டுரையை நம்பியவர் போர்டு மாட்டி லெட்டர்பேடும் அடித்துவிடுகிறார். பதிவாகாமல் 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டுக்கொண்டு வியாபாரம் செய்தால் அதே சட்டத்தின் 453-ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

மிஷின் வாங்குகிறவர் நிலைமை இன்னும் மோசம். கம்பெனியின் பான் எண்ணே சான்றிதழோடுதான் வருகிறது. பான் இல்லாமல் ஜிஎஸ்டி எண் கிடையாது, நடப்புக் கணக்கும் கிடையாது. ஆகவே பில் சொந்தப் பெயரில், பணம் சொந்த சேமிப்புக் கணக்கிலிருந்து. பிறகு அதே பில்லைக் காட்டிக் கம்பெனிக்கு உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியின் கழிவு, எடுக்கப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண்ணில் 33-க்கு அடுத்த பத்தும் பான் எண். அதில் நான்காவது எழுத்து கம்பெனி என்றால் 'சி', தனிநபர் என்றால் 'பி'. அந்த ஓர் எழுத்தைப் பார்த்தே அதிகாரி பில்லைத் தள்ளிவிடுவார். ஜிஎஸ்டி எண்ணே கொடுக்காமல் வாங்கிய பில் என்றால் கம்பெனிக்கு எவ்வளவு உள்ளீட்டு வரி உண்டு என்று காட்டும் 2பி பட்டியலில் வரவே வராது. 12 லட்சம் ரூபாய் மிஷினுக்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்கள்: 2,16,000 ரூபாய். சம்பிரதாயத்துக்குக் கொஞ்சம் அதிகமான மொய்தான்.

முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கட்டுரையாளருக்கு அதைச் சொல்ல இடமில்லை போலும். தன் சொந்தப் பெயரில், தொடங்கவிருக்கும் கம்பெனிக்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழ் வந்து 30 நாளுக்குள் கூட்ட வேண்டிய முதல் போர்டு கூட்டத்தில் அந்த ஒப்பந்தத்தை ஏற்றுத் தீர்மானம் போட வேண்டும். பிறகு அதை எதிர்த்தரப்புக்குக் கடிதமாக அனுப்ப வேண்டும். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், 15-ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். தீர்மானத்தைப் பலரும் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கடிதம்தான் எந்த ஃபைலிலும் இருப்பதில்லை. கையெழுத்துப் போட்டவர் முழுதாகக் கழன்றுகொள்ள வேண்டுமானால், கம்பெனி பெயரில் புது ஒப்பந்தமே போட்டுவிடுவது நல்லது. கெல்னர் எதிர் பாக்ஸ்டர் வழக்கைத் தங்கள் சட்டப் பக்கக்காரரிடம் கேளுங்கள். 1866-இல், இன்னும் பதிவாகாத ஓட்டல் கம்பெனியின் பேரில் இங்கிலாந்தில் ஒயின் வாங்கினார்கள். ஒயின் தீர்ந்தது, கம்பெனியும் நொடித்தது, கையெழுத்துப் போட்டவர்கள்தான் பொறுப்பு என்றது நீதிமன்றம்.

சான்றிதழ் வந்துவிட்டால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. பங்குத் தொகையைக் கம்பெனிக் கணக்கில் கட்டி, 180 நாளுக்குள் ஐஎன்சி 20ஏ என்ற தொழில் தொடக்க அறிவிப்புப் படிவம் போட வேண்டும். அதைப் போடும்வரை வியாபாரமும் தொடங்கக் கூடாது, கடனும் வாங்கக் கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய். பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 1,000 வீதம் ஒரு லட்சம் வரை. 2015-இல் எடுத்துவிட்ட இந்த விதியை 2018 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போது தங்கள் பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. ஒரே நாளில் கம்பெனி தொடங்கலாம் என்ற செய்திக்கு மட்டும் அரைப்பக்கம் கிடைத்தது.

சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. அதைப் பற்றி நீங்கள் கட்டுரை போட்ட அன்றே, அதே பக்கத்தின் அடியில் அதற்குக் கட்டணம் கேட்கும் விளம்பரமும் வந்தது. அப்போது எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. இன்னொரு முறை திருத்தம் போட்டீர்கள்தான், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். பக்க நெருக்கடி எங்களுக்கும் புரிகிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே இணைப்பில், அதே எழுத்தளவில், சான்றிதழுக்கு முன் கம்பெனி பெயரில் பில், போர்டு, ஒப்பந்தம் கூடாது என்று நான்கு வரி போடுங்கள். முடியாவிட்டால் இணையப் பதிப்பிலிருந்தாவது அந்தச் 'சம்பிரதாயம்' வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கம்பெனிப் பதிவு வேலை பார்க்கும் வாசகர், ஈரோடு