வீடியோ கூடத்தில் நாற்காலி போடுங்கள்

மதிப்பிற்குரிய அருங்காட்சியக இயக்குநர் அவர்களுக்கும் காட்சிகளை அமைக்கும் கியூரேட்டர்களுக்கும்,

வணக்கம். பார்வையாளர் பதிவேட்டில் நான் இரண்டு முறை எழுதியது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அதனால் சுற்றி வளைக்கவில்லை. வீடியோ கூடத்தில் உட்கார இடம் வேண்டும்.

போன சனிக்கிழமை உங்கள் 'மூத்தோருக்கான கலை உலா'வுக்கு அம்மாவைக் கூட்டி வந்தேன். வயது 71, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தயங்கியவரை, "மூத்தவங்களுக்குன்னே நடத்துறாங்க, பார்த்துப் பார்த்துச் செஞ்சிருப்பாங்க" என்று சொல்லி இழுத்து வந்தது நான்தான். வீடியோ கூடத்தில் ஓடிய படம் 38 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் சுவரில் சாய்ந்தார். சாயக் கூடாது என்றார் காவலர். தரையில் உட்காரலாமே என்று இளவட்டங்களைக் காட்டினார். உட்காரலாம், எழுந்திருக்க வேண்டாமா? அடுத்த அறையில் ஒரு மரப் பெஞ்சு தெரிந்தது. அம்மா மெல்லப் போய் உட்கார்ந்தார். அது காட்சிக்கு வைத்த கலைப்படைப்பாம். மூன்று பேர் ஓடி வந்தார்கள். அத்தனை பேர் முன்னால், "தெரியலப்பா, தெரியலப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டபடி எழுந்தார். காவலர் மீது எனக்குக் கோபமில்லை. நாள் முழுக்க நிற்கும் அவருக்கும் நாற்காலி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

நாற்காலி போட்டால் காட்சியின் அழகு கெடும் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். கிறிஸ்டியன் மார்க்லே என்ற கலைஞர் 2010இல் 24 மணி நேரம் ஓடும் வீடியோ படைப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். பார்ப்பவர்களுக்கு வரிசையாகச் சோபா போட்டுத்தான் அதைக் காட்டினார்கள். அழகு ஒன்றும் கெடவில்லை. ஜோசப் கோசுத் என்ற இன்னொரு கலைஞர் 1965இல் ஒரு நாற்காலி, அதன் புகைப்படம், அந்தச் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படைப்பாக்கினார். எங்களுக்குப் புகைப்படமும் அகராதியும் வேண்டாம், முதலாவது போதும்.

'சமூகத்தோடு இணைந்து' என்று பெரிய பலகை வைத்திருக்கிறீர்கள். பயிலரங்கோ வேலைநாளில் காலை 11 மணிக்கு, பதிவு இணையத்தில் மட்டும். படைப்புக் குறிப்புகள் எறும்பெழுத்தில், சாம்பல் சுவரில் சாம்பல் நிறத்தில். அருங்காட்சியகம் என்றால் யாரும் அணுகக்கூடியது, எல்லோரையும் உள்ளடக்கியது என்று உலக அருங்காட்சியகங்களின் பேரவை 2022இல் பிராக் நகரில் வரையறுத்ததை வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். அதையும் நின்றுகொண்டேதான் படிக்க வேண்டியிருக்கிறது.

சரி, பேச்சு எங்கோ போகிறது. கேட்க வந்தது நாற்காலிதான். நான்கு போதும். கைப்பிடி இருக்கட்டும், அதை ஊன்றித்தான் முழங்கால் வலிக்காரர்கள் எழ முடியும். உலாவுக்கு வருகிறவர்கள் கையோடு எடுத்துப் போக மடக்கு முக்காலிகள் சில வாசலில் இருந்தால் இன்னும் நல்லது, பல அருங்காட்சியகங்களில் இது வழக்கம்தான். அப்புறம், எதில் உட்காரலாம், எது படைப்பு என்று ஒரு சின்னக் குறிப்பு.

காட்சி அடுத்த மாதக் கடைசி வரை இருக்கிறது. அந்தப் படத்தில் கடைசியில் என்னதான் ஆச்சு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதற்குள் நாற்காலி போட்டுவிடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர் ஒருவர்