எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறார்கள் என்று கேள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு வேலை விவரங்களையும் படித்தேன். ஒன்று பல்கலைக்கழக ஆராய்ச்சி வேலை, ஒப்பந்தம் முடிந்தால் அப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று கம்பெனி வேலை, நல்ல சம்பளம், ஆலை வரப்போகிற இடத்து மக்களிடம் ரிஸ்க் பற்றிப் பேச வேண்டும். பணத்தைப் பற்றி அம்மா பேசுவாள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: அந்தக் கம்பெனி மக்களைக் கருத்துக் கேட்க எந்தக் கட்டத்தில் கூப்பிடப் போகிறது, திட்டம் போடும்போதா, எல்லாம் முடிவான பிறகா?

கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மேடையில் உட்கார்ந்த என்ஜினீயர் நான், அதனால் கேட்கிறேன். டிசைன் முடிந்து டெண்டர் பேப்பரும் தயாரான பிறகுதான் கூட்டம் போடுவார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம். ஒருமுறை ஒரு அம்மா எழுந்து, வெள்ளத்தைத் தடுக்க நீங்கள் கரை கட்டுகிற பக்கமாகத் தண்ணீர் வருவதே இல்லை, பின்னால் இருக்கிற ஓடைதான் முதலில் வீட்டுக்குள் ஏறும், ஆறு அதற்கப்புறம்தான் என்றார். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை என்பதால் குறிப்பெடுத்தவர் அதை எழுதவே இல்லை. நன்றி, அடுத்தவர் வரலாம் என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969-லேயே மக்கள் பங்கேற்பை 8 படி ஏணியாகப் போட்டுக் காட்டினாரே, அதில் கீழ் இரண்டு படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கருத்துக் கேட்பதோடு நின்றுவிட்டால் அதுவும் பேருக்குத்தான் என்றார். எங்கள் கூட்டத்தை எந்தப் படியில் வைப்பாய் என்று நீயே சொல்.

நீ படிக்கச் சொன்ன சமூகவியலாளர் பிரையன் வின் ஆய்வு இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் ஆடு விற்கத் தடை போட்டார்கள், மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். களிமண் நிலத்தில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அந்தக் கணக்கைத்தான் போட்டிருந்தார்கள். மலையில் இருப்பதோ அமிலத்தன்மையுள்ள மக்கு மண், அங்கே சீசியம் திரும்பத் திரும்பப் புல்லுக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசித் தடைகள் நீங்கியது 2012-இல்! அதைவிட எனக்கு உறைத்தது வேலி விஷயம். சீசியத்தைப் பிடித்து வைக்குமா என்று பென்டோனைட் என்ற களிமண்ணைத் தூவிப் பார்க்கிறோம் என்று ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள், திறந்த மலையில் மேய்ந்த ஆட்டை இப்படி அடைத்தால் இளைத்துப்போகும், உங்கள் அளவெடுப்பு எதற்கும் உதவாது என்று விவசாயிகள் முன்னாலேயே சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கடைசியில் அதே காரணத்துக்காகச் சோதனையைக் கைவிட்டார்கள். மக்களுக்கு அறிவியல் புரியவில்லை, எளிமையாகச் சொல்ல ஓர் ஆள் போடுங்கள் என்று யாராவது ஆரம்பித்தால் இந்த ஆடுகளை ஞாபகப்படுத்து.

எண் சொல்வதும் லேசுப்பட்டதில்லை. 1997-இல் அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் வெள்ளம் 49 அடி வரும் என்று கணித்துச் சொன்னார்கள், ஊரும் அதற்குக் கொஞ்சம் மேலே தடுப்பு போட்டுத் தயாரானது, வந்தது 54 அடிக்கும் மேல், ஊரையே காலி செய்ய வேண்டியதாயிற்று. இத்தனை அடி கூடலாம் குறையலாம் என்பதையும் சேர்த்து அழுத்திச் சொல்லியிருந்தால் கரையின் உயரத்தை வேறு மாதிரி யோசித்திருப்பார்கள். நிச்சயமில்லை என்று சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று என்னோடு வேலை பார்த்தவர்களும் சொல்வார்கள், எனக்கு அதில் ஒருநாளும் உடன்பாடு கிடையாது.

அதனால் புள்ளியியலை விட்டுவிடாதே. ஆட்களோடு உட்கார்ந்து பேசுகிற ஆய்வுதான் உனக்குப் பிடிக்கும், தெரியும், ஆனால் கணக்குப் போடுகிறவர்கள் உன்னை 'பேச்சு டிபார்ட்மென்ட்' என்று ஒதுக்காமல் இருக்க அவர்கள் பேப்பரில் எங்கே ஓட்டை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் பதவி உயர்வு மெதுவாகத்தான் வரும், ஒரு கிராமத்தோடு மாதக்கணக்கில் பழகியதை எந்தத் தேர்வுக் குழுவும் மார்க் போட்டுக் கணக்கில் எடுக்காது. அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்.

கம்பெனிக்காரர்களிடம் இரண்டே விஷயம் கேள், எழுத்தில் வாங்கு. மக்கள் சொல்வதைக் கேட்டு இதுவரை எந்த டிசைனையாவது மாற்றியிருக்கிறார்களா? உன் அறிக்கை அவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதை வெளியிட உனக்கு உரிமை உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தாராளமாகப் போ, நான் தடுக்க மாட்டேன். மழுப்பினால் பல்கலைக்கழகமே மேல், பணம் குறைந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பந்த நகலை எனக்கும் அனுப்பு, பின்பக்கத்துப் பொடி எழுத்து உட்பட.

அன்புடன்,
அப்பா