ஆன்னா வழி தவறியவள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மௌனப்படக் காலம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1920-இல் அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் எடுத்த 'வே டவுன் ஈஸ்ட்' படத்துக்கும் நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் அதில் "வழி தவறிய பெண்ணை ஆற்றுப் பனியிலிருந்து காதலன் மீட்கும் கதை" என்று எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

படத்தின் நாயகி ஆன்னா எந்த வழியும் தவறவில்லை. வீட்டில் கஷ்டம், பாஸ்டனில் இருக்கும் பணக்காரச் சொந்தக்காரர்களிடம் உதவி கேட்டுப் போகிறாள். அங்கே சாண்டர்சன் என்பவன் ஒரு ஆளுக்குப் பாதிரியார் வேஷம் போட்டு நிறுத்தி, அவளுக்கு மோதிரமும் போடுகிறான். யாரிடமும் சொல்லாதே என்கிறான். அவளைப் பொறுத்தவரை அவள் ஊரறியாத மனைவி, அவ்வளவுதான். வயிற்றில் பிள்ளை என்று சொன்ன பிறகுதான் கல்யாணமே பொய் என்று தெரிகிறது.

நான் 31 வருஷம் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் நர்சாக இருந்தவள். சேர்க்கைப் பதிவேட்டில் 'கணவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. என் பேனா அங்கே வந்ததும் ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது வயசு இருக்கும். "அவரு பேரை எழுதலாமா சிஸ்டர்? கோயில்ல வெச்சுத்தான் கயிறு கட்டினாரு" என்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு நிறம் மங்கிக் கிடந்தது. ஆள் கடைசிவரை வரவில்லை. நான் அந்தப் பெயரை எழுதினேன். பக்கத்துப் படுக்கைக்குத் துணைக்கு வந்திருந்தவர்கள் அவளைப் பற்றிச் சொன்னதும் உங்கள் கட்டுரையில் இருக்கும் அதே வார்த்தைதான்.

அதனால்தான் அந்தப் படத்தில் குழந்தை இறக்கும் இடத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஞானஸ்நானம் ஆகாத குழந்தை கடவுள் முகத்தைப் பார்க்காது என்று சொல்லக் கேட்டு, வாடகை அறையில் ஆன்னா தானே தண்ணீர் தொட்டு வைத்துப் பெயர் சூட்டுகிறாள். ஆன்னாவாக வரும் லில்லியன் கிஷ் அங்கே நடிக்கவே இல்லை என்றுதான் சொல்வேன். குழந்தை போய்விட்டது என்று சொன்னதும் தாய்க்கு உடனே அழுகை வராது. துணியைச் சரிசெய்வாள், நம் முகத்தையே பார்ப்பாள். வார்டில் நான் பார்த்த முகம் அது. அப்புறம் வீட்டுக்காரம்மாள் புருஷன் எங்கே என்று கேட்டு அவளைக் கிளப்பிவிடுகிறாள்.

அவள் நடந்தே போய் பார்ட்லெட் என்பவரின் பண்ணையில் வேலைக்குச் சேர்கிறாள். அந்த வீட்டுப் பையன் டேவிட் மனசைச் சொல்லும்போது, காரணம் சொல்லாமலே மறுத்துவிடுகிறாள். ஏமாற்றியவனோ அதே ஊரில் பெரிய மனிதன். ஊர் வாய் வழியாகப் பழைய கதை வந்து சேர்ந்ததும் பெரியவர் பார்ட்லெட், பனிப்புயல் என்றுகூடப் பார்க்காமல், அவளுக்கு வாசலைக் காட்டுகிறார். அப்போதுதான் அவள் திரும்பி, விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும் சாண்டர்சனை நோக்கிக் கை நீட்டுகிறாள். என்னைப் பற்றி இவ்வளவு விசாரித்தீர்களே, இவனைப் பற்றி விசாரித்தீர்களா என்று. கூட உட்கார்ந்து பார்த்த என் பேத்தி "அப்படிப் போடு!" என்றாள்.

புயலில் வெளியேறியவள் ஆற்றுப் பனிப்பாளத்தில் மயங்கிக் கிடக்கும் காட்சியைக் குறை சொல்லவில்லை. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் நிஜப் பனிப்பாளங்கள் மேல் எடுத்தது. கையையும் கூந்தலையும் தண்ணீரில் தொங்கவிடும் யோசனை கிஷ்ஷுடையதுதான். அந்தக் கையின் பாதிப்பு அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்தது. ஆனால் டேவிட் பாளம் பாளமாகத் தாவி ஓடுவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அவன் எப்போது ஓடினான் என்பதுதான். மேஜையில் எல்லாவற்றையும் காதால் கேட்ட பிறகு ஓடினான். குழந்தை பிறந்ததும் தெரியும், இறந்ததும் தெரியும். கடைசியில் அவளைத் துரத்திய பெரியவரே அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

அடுத்த இணைப்பில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். 'வழி தவறிய' என்பதை எடுத்துவிட்டு 'ஏமாற்றப்பட்ட' என்று மாற்றினால் போதும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
மன்னார்குடி.