சிறு நல்கைத் திட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

சந்தா, உறுப்பினர் சேர்க்கை, கூட்டச் செலவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் இருக்கின்றன. எனக்குக் கொடுத்த நேரம் முழுவதையும் நம் சிறு நல்கைத் திட்டத்துக்கே எடுத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் சுகாதார ஆய்வு செய்பவர்கள் பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கும் முன் ஆயத்தமாக நாம் கொடுக்கும் பணம் அது.

ஆயத்தம் எவ்வளவு பெரிய வேலை என்று புதிய உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுக் கவுன்சிலுக்கு 2012-ல் 3,727 திட்ட விண்ணப்பங்கள் போயின. அவற்றை எழுத ஆய்வாளர்களுக்கு ஆன நேரத்தைக் கூட்டினால் சுமார் 550 மனித ஆண்டுகள் வரும் என்று மறு ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. விண்ணப்பம் ஒன்றுக்குச் சராசரி 34 வேலை நாள். நிதி கிடைத்ததோ ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு. பாடமும் நடத்தி, நோயாளியையும் பார்த்துக்கொண்டு அந்த 34 நாளுக்கு ஒருவர் எங்கே போவார்? அதனால்தான் இந்த ஆண்டு முதல் கற்பித்தலுக்கு மாற்று ஆள் வைக்கும் செலவையும் நல்கையில் சேர்த்தோம். வந்த விண்ணப்பங்களில் அதிகம் பேர் கேட்டதும் இதைத்தான். கருவி வாங்கப் பணம் கேட்டவர்கள் குறைவு.

ஒரு நல்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களை வீட்டுக்கே போய்ச் செவிலியர் பார்த்துவந்தால் மருந்தை விடாமல் சாப்பிடுவார்களா என்பது ஆய்வாளரின் கேள்வி. பெரிய ஆய்வுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டும். நம் பணத்தில் 30 பேரிடம் நடத்திப் பார்த்தார். சேர்வதற்குச் சம்மதம் கிடைப்பதில் சிக்கலே இல்லை. செவிலியர் போகும் பகல் நேரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மாலைக்கு மாற்றினார், அப்புறம்தான் வருகைகள் ஒழுங்காக நடந்தன. வினாப்படிவத்தில் ஒரு கேள்வியைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டதும் தெரியவந்தது. பெரிய நிதி வந்தபிறகு இதெல்லாம் தெரிந்திருந்தால் முதல் ஆண்டே வீணாகியிருக்கும்.

அந்த 30 பேரில் கடைசி வரை இருந்தவர்கள் 21 பேர். 70 சதவீதம் என்று எழுதிவிடத் தோன்றும். நம் புள்ளியியலாளர் நிறுத்தினார்: இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மை அளவு 52 சதவீதத்திலிருந்து 83 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். சிகிச்சைப் பலனையும் இப்படி 30 பேரை வைத்து மதிப்பிட்டு, அதைக்கொண்டு பெரிய ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுவது ஆபத்து. உண்மைப் பலன் நினைத்ததில் பாதிதான் என்றால் நான்கு மடங்கு பேர் தேவைப்படுவார்கள். முன்னோட்ட ஆய்வுகளை அறிக்கையிடுவதற்கென 2016-ல் வந்த கன்சார்ட் (CONSORT) என்ற சர்வதேச வழிகாட்டியும் இதையே சொல்கிறது: முன்னோட்டத்தின் வேலை, பெரிய ஆய்வை நடத்த முடியுமா என்று பார்ப்பது. சிகிச்சை பலிக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதற்கு அது போதாது. விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்வியை முதல் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டோம்.

இன்னொரு நல்கை பெற்றவர், நோயாளிகள் போதிய எண்ணிக்கையில் கிடைக்கமாட்டார்கள் என்று கண்டறிந்து, பெரிய நிதிக்கு விண்ணப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தார். செயற்குழுவில் இது விவாதமானது. பெரிய நிதி எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை மட்டும் வைத்துத் திட்டத்தை அளக்க வேண்டும் என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். கொடையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நடக்காத ஆய்வுக்குப் பல மாதம் எழுதாமல் ஒருவரைக் காத்ததும், அதில் சேர்ந்து சிரமப்படவிருந்த நோயாளிகளைக் காத்ததும் நம் பணம் செய்த வேலைதான். பெரிய நிதி பெற்றவர்களையும், இப்படி விண்ணப்பிக்காமல் நிறுத்திக்கொண்டவர்களையும் தனித்தனியே பதிவு செய்வதென்று குழு முடிவெடுத்தது.

குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி வர மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் நம் நல்கைக் காலம் முடிந்து, இருவர் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. விதியை அப்படி எழுதியது நாம்தான். இரண்டு பேரிடமும் வருத்தம் தெரிவித்தேன். இனி அனுமதி கிடைத்த நாளிலிருந்தே காலம் எண்ணப்பட வேண்டும் என்ற திருத்தம் இன்று உங்கள் முன் வைக்கப்படுகிறது.

விண்ணப்ப வரைவுகளை வாசித்துக் குறிப்பு எழுதித் தந்த ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்கு நன்றி. சிலர் ஒரே வரைவை மூன்று தடவை வாசித்தார்கள். இந்த வேலைக்கு இன்னும் நான்கு பேர் வேண்டும். முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

திருத்தத்தை வாசித்து வாக்கெடுப்பு நடத்தித் தருமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்