அப்பா நினைவு நாள் சாப்பாடு பற்றி

நாகர்கோவில்

அன்பு மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் நினைவு நாளுக்கு நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் மதியச் சாப்பாடு போட வேண்டும், விசாரித்துச் சொல் என்று எழுதியிருந்தாய். தக்கலைப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் இல்லத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாப்பாடு வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீளக் கூடமும் வரிசையாகப் பாயுமாக நாம் சின்ன வயதில் பார்த்த இடம் மாதிரி இது இல்லை. சாதாரண ஓட்டு வீடுகள். வீட்டுக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா. இரண்டாம் உலகப் போரில் அனாதையான பிள்ளைகளுக்காக ஐரோப்பாவில் வளர்ந்த முறை இது. ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் 1949இல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்கள்தான் இதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோயின.

இங்கே இருக்கும் சிலர் ரயிலில் வந்தவர்கள். அசாமில் திப்ருகரில் புறப்படும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கன்னியாகுமரியில்தான் நிற்கிறது. வீட்டை விட்டு ஓடிவரும் பிள்ளைக்கு அதற்கப்புறம் தண்டவாளம் இல்லை. அப்படிக் கிடைக்கும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். குழு முதலில் பிள்ளையின் வீட்டைத்தான் தேடும். அதுதான் சரி. பெற்றவர்களோடு வாழ வழியிருக்கும் பிள்ளையை எவ்வளவு நல்ல இல்லத்திலும் வைக்கக் கூடாது.

ஒரு பையனைப் பற்றி அந்த வீட்டு அம்மா சொன்னார். வந்த புதிதில் ராத்திரி சாப்பாட்டில் பாதியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பானாம். எறும்பு மொய்த்துத்தான் தெரிந்திருக்கிறது. அவர் திட்டவில்லை. மூடி போட்ட டப்பாவில் நேந்திரங்காய் சிப்ஸ் நிரப்பி அவன் தலைமாட்டில் வைத்துவிட்டார், தீரத் தீர நிரப்பினார். சில மாதங்களில் அவனே டப்பாவைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்துவிட்டானாம். இப்போது மரச்சீனியும் சாளைக் கறியும் என்றால் மூன்றாவது தடவை கேட்கிறான்.

அந்த மாதிரி அம்மா ஒருவர் அங்கேயே நிலைத்து இருப்பதுதான் மக்கா, எல்லாம். சம்பளம் கட்டுப்படியாகாமல் பல அம்மாக்கள் ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடுகிறார்கள். ஏற்கெனவே ஒரு தாயை இழந்த பிள்ளை இன்னொரு தாயையும் இழக்கிறது. இதற்குப் பணம் தர ஆள் குறைவு. பிறந்தநாள் பிரியாணி மட்டும் வாராவாரம் வருகிறது. பிள்ளைகள் வரிசையில் நின்று நன்றிப் பாட்டுப் பாட, வந்தவர்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. நம் பிள்ளைகளை ஒருவேளைச் சோற்றுக்காக அப்படி நிறுத்துவோமா?

இன்னொன்று, 18 வயது. அது முடிந்ததும் இல்லத்தை விட்டுப் போக வேண்டும். 21 வரை உதவிக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனாலும் வாடகைக்கு வீடு எடுத்துத் தர, கல்லூரியில் கையெழுத்துப் போட ஒரு பெரியவர் வேண்டுமே. அங்கே வளர்ந்த பெண் ஒருத்தி இந்த வருடம் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டல் பணம் இழுபறியில் இருக்கிறது. லீவுக்கு எங்கே போவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

உன் அப்பா எத்தனை பேருக்குப் படிப்புச் செலவு பார்த்தவர்! சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை அவள் ஹாஸ்டலுக்குக் கட்டு, வருடா வருடம் கட்டு. லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வரட்டும் என்று வீட்டில் பேசிவிட்டேன், வீட்டுக்காரிக்குப் பூரண சம்மதம். அதற்குக் குழுவின் அனுமதி எதுவும் வேண்டுமா என்று இல்லத்தில் கேட்டிருக்கிறேன். உனக்குச் சரியென்றால் இந்த வாரமே போன் பண்ணு, கல்லூரிக் கணக்கு எண்ணை வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி