பதினோராம் வசனத்துக்கு மேலே கொஞ்சம் வாசி

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

இடமாற்றம் இந்த முறையும் தள்ளிப்போனது என்று எழுதியிருந்தாய். வருடத் தொடக்கத்தில் எரேமியா 29:11 உனக்கு இந்த வருடத்துக்கான வாக்குத்தத்த வசனமாகக் கிடைத்ததே, பிறகு ஏன் இப்படி என்றும் கேட்டிருந்தாய்.

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." உண்மையான வசனம்தான். ஆனால் அதற்கு நேர் மேலே பத்தாம் வசனத்தில், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்புவது என்று இருக்கிறது. அதை யாரும் எழுதிச் சுவரில் மாட்டுவதில்லை!

அந்த அதிகாரமே ஒரு கடிதம். கி.மு. 597-இல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசி. அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, பாபிலோனுக்குப் போன ஆலயப் பணிமுட்டுகளும் ஆட்களும் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்கிறான். எரேமியா முதலில் ஆமென் சொல்கிறார், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் ஆசைதானே! ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. இன்றைக்கும் இரண்டு வருஷப் பிரசங்கத்துக்குத்தான் கூட்டம் கூடும். எழுபது என்று எழுதியவர்மேலோ, பாபிலோனிலிருந்த செமாயா என்பவனிடமிருந்து எருசலேமின் ஆசாரியனுக்குப் புகார்க் கடிதம்தான் போனது.

எழுபது என்றால் என்ன? அங்கே இருந்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப்போவதில்லை. அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார் கர்த்தர். ஏழாம் வசனம் இன்னும் கடினம்: தங்களைப் பிடித்துக்கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபிக்க வேண்டும். பதினோராம் வசனம் இவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது.

நீ அங்கே போய் இத்தனை நாளாகியும் புத்தகப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை என்றாய். எப்படியும் கிளம்பப் போகிறோமே என்று பக்கத்து வீட்டாரோடு பழகவில்லை, சபையில் எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை. உன் மேலதிகாரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அவருக்காக ஜெபித்ததாக ஒரு வரிகூட இல்லை. அவர் பெயரைச் சொல்லி ஜெபித்துப் பார். அவர் மாறுவார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். காலையில் அவர் முகத்தைப் பார்த்ததும் உனக்கு வருகிற எரிச்சல் குறைய வாய்ப்பு உண்டு.

இடமாற்றம் கேட்காதே என்று நான் சொல்லவில்லை. எழுபது வருஷக் கணக்கை வாசித்துத் தெரிந்துகொண்ட பிறகும், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேல் உபவாசித்து ஜெபித்தார் (தானியேல் 9). மனு கொடு, ஜெபி, மறுபடியும் மனு கொடு. ஒன்று மட்டும் கவனமாக இரு: பொய்க் கணக்கு எழுதச் சொன்னாலோ, உன்மேல் கை வைக்கத் துணிந்தாலோ, அங்கே பொறுமையாக இரு என்று எந்த வசனத்தைக் காட்டியும் யாரும் உன்னை நிறுத்திவைக்க விடாதே. ஈட்டியை எறிந்த சவுல் ராஜாவிடமிருந்து தாவீது தப்பி ஓடத்தான் செய்தான். அது அவிசுவாசம் அல்ல.

ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்று உன் போதகர் கேட்டதாக எழுதியிருந்தாய். பாதியில் விட்டுப்போக நேருமே என்று தயங்காமல் ஒத்துக்கொள். இடமாற்றம் வந்தால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஜெபத்துடன்,
உன் அண்ணன்